கமலாவதியின் நோர்மாலிற்றி

ஆய்வுகூடத்து யன்னலால் வரும் காலை வெயில் கமலாவதியின் குடுவைக்குள் விழுகிறது. மேலே நிறுத்தியிருக்கும் அளவிக் குழாயிலிருந்து கடைசித் துளி காரம் இறங்கியதும், குடுவையிலுள்ள அமிலம் மெல்லிய இளஞ்சிவப்பாகிறது. குலுக்கியும் நிறம் மறையவில்லை. தாளில் பெருக்கிப் பிரித்துப் பார்க்கிறாள். அமிலத்தின் செறிவு, நோர்மாலிற்றி, 0.1. சரியான விடை. சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. இரண்டு வருடமாக அவளுக்குக் குடுவை குலுக்கிய ஞானாம்பிகை இன்று முன்மேசையில், புதிதாக வந்த பத்மாவதியோடு நிற்கிறாள். அவர்களுக்கும் அதே விடைதான்.

"இவ்வளவு நாளும் உமக்கு ஏன் பிழைச்சது?" என்று ஞானாம்பிகையைக் கேட்கிறார் ரீச்சர்.

"அப்ப கமலாவோடை நிண்டனான், ரீச்சர்."

வகுப்பு சிரிக்கிறது. பத்மாவதி ஞானாம்பிகையின் தோளில் தட்டுகிறாள். தட்டிய கையை எடுக்கவில்லை. கமலாவதி அந்தக் கையையே பார்க்கிறாள். இந்த வகுப்பில் ஒருத்திக்கு விடை பிழைத்தால், சரியாகச் செய்தவள் போய்ப் பக்கத்தில் நின்று திரும்பச் செய்விக்க வேண்டும். கமலாவதி தன் விடையை வெட்டுகிறாள். அளவியின் திருகை முழுதாகத் திறந்துவிடுகிறாள். குடுவை கடுஞ்சிவப்பாகிறது.

"எனக்குப் பிழைச்சுப்போச்சு, ரீச்சர்."

ஞானாம்பிகை கையைத் துடைத்துக்கொண்டு புறப்படுகிறாள்.

"நீர் நில்லும்," என்கிறார் ரீச்சர். "நீங்கள் ரெண்டுபேரும் சேந்தால் திரும்பவும் பிழைதான். பத்மாவதி, நீர் போம்."

பத்மாவதி வந்து கமலாவதியின் குடுவையைக் கையில் எடுக்கிறாள்.

"பயப்பிடாதையும். நான் காட்டித் தாறன்."