உள்ளே ஒரு ஆள்

"பேரே போடாம புரோகிராம் எழுதியிருக்கே. மெசேஜ் யாருக்கும்மா போகும்?" என்று உதட்டைப் பிதுக்கினார் மேனேஜர்.

"பேர் எதுக்கு சார்? ஆபீஸ்ல ஒரே ஆள் மிஞ்சினா, அது யாரோ அவங்களுக்கு 'விளக்கை அணைக்கவும்'னு போகும்," என்றாள் புரோகிராமர்.

மாலையில் எல்லாரும் கிளம்பியதும் அவளும் வெளியே வந்து நின்றாள். மேனேஜர் மட்டும் உள்ளே போனும் கையுமாகக் காத்திருந்தார். பத்து நிமிடம் பொறுத்துவிட்டு, விளக்கை எரியவிட்டே வெளியே வந்து கண்ணாடிக் கதவைப் பூட்டினார்.

"ஊத்திக்கிச்சும்மா. எனக்கு ஒண்ணும் வரலை."

அவள் தன் போனைப் பார்த்தாள்.

"போயிருக்கு சார். நீங்க வெளியே வந்தப்புறம்தான் போயிருக்கு. படிச்சாச்சுன்னு காட்டுது."

பூட்டிய கதவுக்குள் 'டக்'கென்று சுவிட்ச் சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது.