செல்ஃப் எடுக்கல

சாவியைத் திருப்பி, பிரேக்கைப் பிடித்து, செல்ஃப் பட்டனை அழுத்தினாள் ஷெர்லின். சத்தமே இல்லை.

ஹாரன் அடித்துப் பார்த்தாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது. செல்ஃபில் மட்டும் ஒரு ‘டிக்’ கூட இல்லை.

நேற்று சாயங்காலம்கூட மார்க்கெட்டுக்குப் போய்வந்த ஸ்கூட்டர்.

அன்றைக்கு அவளுக்கு டெஸ்ட். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டிக் காட்ட வேண்டும். மாசக்கணக்கில் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்ட வேலை. விம்கோ நகரிலிருந்து அங்கே பஸ்ஸை நம்பிப் போக முடியாது. கேட்டை மூடிவிட்டால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

“ஏங்க, இங்க வாங்களேன். வண்டி எடுக்க மாட்டேங்குது.”

பாஸ்கல் பேஸ்ட் நுரையோடு ஓடி வந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்தினான்.

அது ஒன்றுதான் அவளுக்குத் தைரியம். அவள் புருஷனுக்கு டூ வீலர் வயரிங்தான் தொழில். மெயின் ரோட்டில் கடை. எந்த மெக்கானிக்குக்குக் கரன்ட் கோளாறு பிடிபடாவிட்டாலும் வண்டியை அவனிடம்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவான்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினான். எடுக்கவில்லை.

ஃபியூஸை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. டெஸ்ட் லைட்டை அவள் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். ரிலே வரைக்கும் கரன்ட் வந்தது.

கிக்கர் இல்லையா என்று எதிர்வீட்டு சொக்கம்மாள் கேட்டாள். அதன் பல் தேய்ந்து வெகுநாள் ஆகிறது. மாற்றணும் மாற்றணும் என்று பாஸ்கல் சொல்லிக்கொண்டே இருந்தான்.

“பேஜாரு புட்ச்ச வண்டி.”

வியர்வை சொட்டச் சொட்டப் பிளக்கைக் கழற்றித் துடைத்தான்.

அங்கேதான் ஷெர்லினுக்கு நெருடியது. மோட்டாரே சுற்றவில்லை. பிளக்கைத் துடைத்து என்ன ஆகும்?

கல்யாணமான புதிதில் கடைக்குச் சோறு கொண்டுபோவாள். அவன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். செல்ஃப் எடுக்கவில்லை என்று எந்த வண்டி வந்தாலும் அவன் ஸ்பேனரைத் தொடமாட்டான். பிரேக்கைப் பிடித்துவிட்டுப் பின்னால் எட்டிப் பார்ப்பான். பிரேக் லைட் எரியவில்லை என்றால் பிரேக் சுவிட்சில் கோளாறு. அங்கே கரன்ட் நின்றுபோனால் செல்ஃபும் எடுக்காது. “அத்தப் பாத்தா பாதி வேல முட்ஞ்சிச்சு” என்று அவளுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

இன்றைக்கு அவன் பின்பக்கம் போகவே இல்லை.

அவள் கையை நீட்டி பிரேக்கைப் பிடித்தாள். வண்டிக்குப் பின்னால் புதிதாக வெள்ளை அடித்த சுவர். அதில் சிவப்பு விழவில்லை.

“லைட்டு எரியல பாருங்க.”

“அதெல்லாம் அப்பவே பாத்துட்டேன். இது வேற.” தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். ஹேண்டில் கவரின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவன் எழுந்து நின்றான். தடுக்கவில்லை. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கவரை விலக்கினாள். பிரேக் சுவிட்ச் ஒயரின் சாக்கெட் கழன்று தொங்கியது. அறுந்திருக்கவில்லை. எலி கடித்திருக்கவில்லை. அது தானாகவும் கழலாது. பக்கத்தில் இருக்கும் சின்ன கிளிப்பை நகத்தால் அமுக்கி இழுத்தால்தான் வரும்.

மாட்டினாள். பட்டனை அழுத்தினாள். தொட்டவுடன் எடுத்தது.

பாஸ்கல் சிரித்தான்.

“பாத்தியாக்கா, எம் பொண்டாட்டி எனக்கே மெக்கானிக் ஆயிட்டா” என்றான் சொக்கம்மாளிடம்.

போன வாரம் பக்கத்துக் கடை ஒவைஸ், “உன் ஊட்டம்மா ஆகாசத்துல குந்திகினு கன்டெய்னர் தூக்கும், நீ கீழ குந்திகினு ஸ்க்ரூ பொறுக்கு” என்று கேலி பண்ணியபோதும் இதே சிரிப்புதான் சிரித்தான்.

ஷெர்லின் கவரை வைத்து ஸ்க்ரூக்களை முடுக்கினாள். ஹெல்மெட்டை மாட்டினாள்.

“இனிமே போயி இன்னா ஷெர்லி? கேட்ட மூடியிருப்பான். வுடு, அடுத்த தபா பாத்துக்கலாம்.”

அவள் வண்டியைக் கிளப்பினாள். டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து ஓட்டினாள். கரித்தூள் கண்ணில் விழுந்தது. துடைக்கக்கூட நிறுத்தவில்லை.

கேட் மூடியிருந்தது.

வாட்ச்மேன் கையை விரித்தார். மதிலுக்கு மேலே கிரேன் ஒரு நீலக் கன்டெய்னரை மெல்லத் தூக்கியது. உள்ளே வேறு யாரோ ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த தபா என்றானே. அந்த வார்த்தை அவளுக்கு அப்போதுதான் முழுசாகக் கேட்டது.

ஷிப்பிங் ஆபீஸ் இன்டர்வியூ அன்றைக்கும் இதே வண்டி எடுக்கவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்ட அன்றைக்கும் எடுக்கவில்லை. இரண்டு நாளும் பாஸ்கல் கடையைத் திறக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் வண்டியோடு மல்லுக்கட்டினான். இரண்டு நாளும் அடுத்த தபா பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

அந்த இரண்டு நாளும் அவள் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதிருக்கிறாள். எனக்காகக் கடையைப் பூட்டிவிட்டு நின்றாரே என்று, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவன் பெயரைச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள்.