பச்சைக் காது ஆண்டாள்

ஒரே ஒரு ஊரிலே ஒரு ராணி இருந்தாள். ஊர், புனேயை ஒட்டின ஆகுர்டி. ராணியின் உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. நவராத்திரி வந்தால் சியாமளா வீட்டுக் கொலுவில் ஆண்டாளாக நிற்பாள். மற்ற நாளெல்லாம் பழைய வேட்டித் துணிக்குள் தூங்குவாள்.

தங்க நிறத் தலைமுடியில் சரிந்த கொண்டை, சாயம் தீட்டின கண், காதில் குட்டித் தோடு, ரவிக்கைத் துண்டில் பட்டுப் புடவை. அமெரிக்காவிலிருந்து வந்த ஆண்டாள்.

அந்த ஆண்டாளைத்தான் அந்த மனுஷர் இப்போது தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"கலசம் வெச்ச கொலு மாமா!" என்றாள் சியாமளா.

அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பத்மநாபன் என்று பேர். ரிட்டயர் ஆனவர். பழைய பொம்மைகள் சேர்க்கிறவராம், பார்த்த மாத்திரத்தில் வயசும் விலையும் சொல்லிவிடுவாராம். கொழுந்தன் மனோஜ் பைக்கில் கூட்டி வந்திருந்தான்.

பத்மநாபன் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். ஆண்டாளின் புடவையைத் தூக்கி, இடுப்புக்குக் கீழே பார்த்தார்.

"அரே பாப்ரே!" சுண்டலும் கையுமாக உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு வைஷாலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சியாமளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மனோஜ், முதல்ல புடவையை இறக்கச் சொல்லு அவரை!"

"மன்னி, அங்கேதான் கம்பெனி முத்திரை இருக்கும். இன்டர்நெட்ல பார்த்தேன். அந்தக் காலத்து பொம்மைன்னா லட்சக்கணக்குல போறதாம். வாகட் பக்கம் பாத்து வெச்சிருக்கற ஃப்ளாட்டுக்கு நான் லோனுக்கு அலையவே வேண்டாம்."

"என் பொம்மைக்கும் உன் ஃப்ளாட்டுக்கும் என்னடா சம்பந்தம்?"

"நம்மாத்து பொம்மைதானே மன்னி!"

நம்மாத்து பொம்மையாம்! சியாமளா புருஷனைப் பார்த்தாள். பாஸ்கர் கொலுவிலிருந்த செட்டியார் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல விலை போறதுன்னா கொடுத்துடலாமே. கொலு முடிஞ்சப்புறம்தான்" என்றார், செட்டியாரிடம்.

"இது யார் வாங்கினதும்மா?" என்று முதல் தடவையாக வாயைத் திறந்தார் பத்மநாபன்.

"எங்க அக்கா சாவித்ரி. கல்யாணமாகி அமெரிக்கா போன புதுசுல அனுப்பினா. அப்போ நான் சின்னப் பொண்ணு. அடுத்த தடவை நானே வரேன்னு எழுதியிருந்தா." சியாமளாவின் பார்வை ஆண்டாள் மேல் போயிற்று. "வரலை. அங்கேயே பிரசவத்துல போயிட்டா."

"ம்" என்றார் அவர். அவ்வளவுதான். மரியாதைக்கு ஓர் 'அடப்பாவமே' கூட இல்லை. பொம்மையின் உள்ளங்காலைப் பார்த்தார். காதருகே லென்ஸைக் கொண்டுபோனார். பார்த்தார், பார்த்தார், அப்படிப் பார்த்தார். பிறகு லென்ஸைப் படக்கென்று மடக்கினார்.

"டூப்ளிகேட்."

மனோஜ் முகம் தொங்கிப்போச்சு. "சார், இன்னொரு தரம் நன்னாப் பாருங்கோ."

"என்னத்தைப் பாக்கறது? கால்ல ஜப்பான்னு போட்டிருக்கு. அமெரிக்க பொம்மைக்கு ஜப்பான் எங்கேர்ந்து வந்தது? காது ரெண்டும் பச்சை பிடிச்சுக் கிடக்கு. மட்டமான சரக்கு. ஏதோ பிளாட்பாரக் கடைல வாங்கியிருப்பா."

விலை போகக் கூடாது என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தவள்தான் சியாமளா. அதற்காக இப்படியா?

"யாரு பிளாட்பாரத்துல வாங்கினது?" அவள் போட்ட சத்தத்தில் வைஷாலியின் சுண்டல் சிதறிற்று. "எங்க அக்கா லைப்ரரில வேலை பாத்து, முதல் சம்பளத்துல வாங்கி அனுப்பினது! அவளைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? எங்காத்துக்கு வந்து, ஆண்டாளைக் கவுத்துப் பிடிச்சுண்டு, செத்துப்போனவ பேர்ல சேறு பூசறேளே!"

"மன்னி, விடுங்கோ" என்றான் மனோஜ் எரிச்சலோடு. "சார், இவ்வளவு தூரம் வந்துட்டேள். நீங்களே எடுத்துண்டு போங்கோ, சும்மாவே. டூப்ளிகேட்டை வெச்சுண்டு நாங்க என்ன பண்றது?"

ஓகோ, இதுதானா சங்கதி! மட்டம் தட்டிவிட்டு, ஓசியில் அமுக்கிக்கொண்டு போகிற வித்தை! சியாமளா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்து நின்றாள். எடுத்துக்கொண்டு போகட்டும், பார்க்கலாம்!

பத்மநாபன் ஆண்டாளின் புடவையை நீவிவிட்டார். கொண்டையை நிமிர்த்தினார். எடுத்த படியிலேயே நிறுத்தினார்.

"எனக்கெதுக்கு இந்தக் குப்பை? இங்கேயே கிடக்கட்டும்."

குப்பையாம்!

மனோஜ் பைக் சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான். கூட்டி வந்தவரைக் கொண்டுவிட வேண்டும் என்ற நினைப்புகூட இல்லை. வைஷாலி நழுவினாள். பாஸ்கர் டிவி இருந்த அறைக்குள் புகுந்துகொண்டார்.

கொலுவுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதுதான். சியாமளா அசையவில்லை. இந்த மனுஷருக்கு ஒரு பருக்கை சுண்டல் கிடையாது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "சுண்டல் இல்லையாம்மா?"

கேட்கிறாரே, வெட்கமில்லாமல்! ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து அவர் கையில் திணித்தாள்.

அவர் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கிற்று.

"அந்தத் தோட்டைக் கழட்டி வெச்சுடும்மா. செம்பு கலந்தது, காதை இன்னும் அரிச்சுடும். அந்தக் காலத்துல கம்பெனிக்காராளே அதோடதான் வித்தா. அந்தப் பச்சைதான் அதுக்கு வயசு சொல்றது. அந்தக் கம்பெனி முதல் முதல்ல ஜப்பான்லதான் பண்ணித்து."

சியாமளாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "அப்போ... எங்க அக்கா அனுப்பினது?"

"அசல்."

"அப்புறம் சும்மா கொடுத்தும் ஏன் மாமா..."

"இதைத்தாம்மா நான் இத்தனை வருஷமாத் தேடிண்டிருக்கேன்" என்றார் பத்மநாபன். சுண்டலைப் பையில் போட்டுக்கொண்டு, மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.