பத்தாம் நிலை பீரங்கி

விண்வெளி விளையாட்டுப் பெட்டிக்குள் இரண்டு ஆயுத அட்டைகள் இருந்தன. முதல் நிலையிலேயே யாரும் எடுக்கக்கூடிய கைத்துப்பாக்கி அட்டைக்கு முனையெல்லாம் மடங்கி, முகம் முழுக்க டீக்கறை. பத்தாம் நிலையை எட்டியவர்கள் மட்டுமே தொடக்கூடிய பிளாஸ்மா பீரங்கி அட்டையோ புதுக்கருக்கு மாறாமல் மின்னியது. பார்க்கப் பார்க்கக் கைத்துப்பாக்கிக்கு வயிறு எரிந்தது.

"உனக்கு மட்டும் எதுக்கு இத்தனை கட்டுக்காவல், மகாராணி?"

"நான் ஒருதரம் வெடிச்சா கப்பலே கிழிஞ்சிடும். கத்துக்குட்டி கையில கொடுப்பாங்களா?" என்றது பீரங்கி மிடுக்காக.

அன்றும் ஆட உட்கார்ந்த நண்பர்கள் வழக்கம்போல நாலாம் நிலையிலேயே சலித்துப்போனார்கள். "முதல்லேருந்து ஆடலாம்டா!" விரல்கள் கைத்துப்பாக்கியைத் தேடி வந்தன.

"ஒண்ணு கேக்கட்டுமா?" பீரங்கியின் குரல் இறங்கியிருந்தது. "விரல் பட்டா எப்படியிருக்கும்?"