கணவாய் வறுவல்

சீனமொழி இளங்கலை மூன்றாம் ஆண்டில், பயிற்சிக்காக அந்தத் தொழிற்சாலைக்கு மொழிபெயர்ப்பாளராக வந்திருந்தாள் தேன்மதி. சீன மேலாளர் காலையிலிருந்து ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: 'இவருக்குக் கணவாய் மீன் வறுக்கிறேன்.' வேலையை விட்டு அனுப்புவதைச் சீனர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வறுபடும் கணவாய், வேலை போனவர் ஊர் திரும்பச் சுருட்டும் படுக்கையைப்போலச் சுருண்டுகொள்ளுமாம். வகுப்பில் இதைக் கேட்டபோது எவ்வளவு ரசித்து எழுதிக்கொண்டாள்.

இதுவரை பதினோரு பேருக்கு அதைத் தமிழில் சொல்லியாயிற்று. ஒவ்வொருவரும் மேலாளரை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். 'உங்களுக்கு வேலை போய்விட்டது' என்று இன்னொரு முறை சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

பன்னிரண்டாவதாக வந்து நின்றார், பெயின்ட் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர் கஸ்பார். மேலாளர் வாக்கியத்தைச் சொன்னார். தேன்மதி மேசையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணே, உங்களுக்குக் கணவா வறுக்கப்போறாராம்" என்றாள், சொல்லுக்குச் சொல்.

கஸ்பாரின் முகம் மலர்ந்தது. "நெசமாவா? கணவான்னா எனக்கு உசுருல்லா" என்றவர், கையுறைகளைக் கழற்றி ஒன்றாகச் சேர்த்துச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "எல்லாருக்குமாம்மா, எனக்கு மட்டுமா?"