தீயில்லாத கொப்பரை

"ஏம்ப்பா வைரக்கண்ணு, இது எமலோகமா, இல்ல எண்ணெ தேச்சுக் குளிக்கிற எடமா?"

பண்ணையார் வைத்திலிங்கம் போட்ட சத்தத்தில் கொட்டகையே அதிர்ந்தது. அவர் அதட்டினால் எமன்கூட எருமையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான் என்று மீன்சுருட்டி ஊரில் சொல்வார்கள்.

திருவிழா நாடகத்துக்கு எமலோகத் திரை. துணி கிடைக்காத யுத்த காலத்தில் அலையாய் அலைந்து காடாத்துணி வாங்கிக் கொடுத்தவர் அவர். கேட்காமல் இருப்பாரா?

திரை எழுத வந்த வைரக்கண்ணுவும் வேலையில் குறை வைக்கவில்லை. எருமையின் மூக்கில் புகை, கிங்கரர்களின் கோரைப்பல்லில் ரத்தம், பாம்புக்குச் செதில் செதிலாக என்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். வரிசையாக எண்ணெய்க் கொப்பரைகள். எல்லாவற்றின் அடியிலும் தீ திகுதிகுவென்று எரிந்தது.

ஓரத்துக் கொப்பரைக்கு மட்டும் ஒரு பொறிகூட இல்லை. உள்ளே ஒருவன் சுகமாகச் சாய்ந்திருந்தான்.

"தீ வையின்னு முந்தாநாளே சொன்னேன்ல?"

"மறந்துட்டேங்க."

"நேத்தும் இதான் சொன்னே. செவப்புச் சாயத்தை வித்துத் தின்னுட்டியா?"

வைரக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. வாசல் பக்கம் பார்த்தார். துணியில் பூசுவதற்குப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள் கிருஷ்ணம்மாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் வெளியூரு, குன்னத்துக்காரங்க. அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாது. கொப்பரை எழுதுறப்ப பக்கத்துல வந்து, 'நெல்லு திருடினவங்களை இதுலதான் வறுப்பாங்களாண்ணே'ன்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன். அன்னிக்குப் பூரா சோத்தைத் தொடலீங்க. அப்புறந்தான் சொன்னாங்க, அது அரியமுத்து பொண்டாட்டின்னு."



போன வருஷம் ஊரே அரிசிக்குத் தவித்தபோது, பண்ணையாரின் களஞ்சியத்திலிருந்து ஒரு மூட்டை நெல்லைத் தூக்கியவன் அரியமுத்து. போலீசில் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். ஜெயிலில் காய்ச்சல் கண்டவன் திரும்பி வரவேயில்லை.

"அதுக்கப்புறம் தீ வைக்கக் கை வரலீங்க. அந்தம்மாவைக் கூப்பிட்டு, 'பாரு தாயி, இதுல இருக்கறவருக்குச் சுடாது'ன்னு காமிச்சேன். அப்பத்தான் கஞ்சி குடிச்சுது." வைரக்கண்ணுவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார். "தீ வச்சே ஆகணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

வைத்திலிங்கம் திரையை நெருங்கிப் போனார். அந்தக் கொப்பரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் கிருஷ்ணம்மாள் பசை கிண்டுவதை நிறுத்திவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவளுக்கும் கேட்கிறமாதிரி அதே அதட்டல் குரலில் சொன்னார்:

"ஏன்யா, குளிச்சு எந்திரிச்சா தலை துவட்ட வேணாமா? தீக்கு வச்சிருந்த செவப்புல, கொப்பரை ஓரமா ஒரு துண்டு எழுதிப் போடு. அரியமுத்து செவப்புத் துண்டு இல்லாம வூட்டை வுட்டு எறங்க மாட்டான்!"