யாரை வச்சு எழுதினே?

அப்பா சிரித்துச் சிரித்தே அழுதுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா!" என்று தொடையில் ஓங்கித் தட்டினார்.

டிவியில் ஓடிக்கொண்டிருந்தது மகள் எழுதும் தொடர். ஒரு ஆபீஸ், அதற்கொரு மேனேஜர். ஆர்டர் கிடைத்தால், "யாரு? ஐயாவாக்கும்!" என்று நெஞ்சை நிமிர்த்துவார். அதே ஆர்டர் கைவிட்டுப் போனால் டைப்பிஸ்ட், டிரைவர், மழை என்று எதன் தலையிலாவது கட்டிவிடுவார். ஊரே பார்த்துச் சிரித்தது.

மகளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மேனேஜர் பேசும் பேச்சில் பாதி, இதே ஹாலில் அவள் கேட்டு வளர்ந்த பேச்சு.

அப்பா சொந்தமாக அச்சகம் நடத்தியவர். வேலை குவிந்த காலத்தில் எல்லாம் அவருடைய மூளை. நொடித்துப்போனபோது பேப்பர் கடைக்காரன் ஏமாற்றினான், மெஷின்மேன் கவிழ்த்தான், கட்டினவள் பேச்சைக் கேட்டுக் கெட்டேன். மகள் பரிசு வாங்கினால் "என் ரத்தமாச்சே." தம்பி பெயிலானால் "எல்லாம் உன் வளர்ப்புடி."

அதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டார்கள். தம்பியின் விரல்கள் போனதைத்தான் யாராலும் சகிக்க முடியவில்லை.

பேப்பர் வெட்டும் மெஷினில் கைக்குத் தடுப்பாக இருந்த தகடு கழன்று கிடந்தது. மாற்றுங்கள் என்று சொல்லிச் சொல்லி மெஷின்மேனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "அடுத்த மாசம் பார்க்கலாம்யா," என்றே அப்பா ஓட்டினார். ஆள் வராத ஒரு நாள், அம்மா சொல்லி உதவிக்குப் போன தம்பியின் வலது கை விரல்கள் அதில் போயின.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா சொன்ன முதல் வார்த்தை: "கண்ணை எங்க வச்சிருந்தான்? இவ அவனை அனுப்பாம இருந்திருந்தா இது நடந்திருக்குமா?"

தம்பி ஊரை விட்டே போய்விட்டான். "'என் தப்புதான்'னு அப்பாவை ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லும்மா, அன்னிக்கே திரும்பி வர்றேன்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அம்மா காத்திருந்து காத்திருந்து வெறுத்துப்போனாள். பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். திரும்பி வரப்போவதில்லை என்பது மகளுக்கு மட்டும் தெரியும். மறுநாள் காலையில் வண்டி.

மகளுக்கு ஒரே ஒரு நப்பாசை மிச்சமிருந்தது. நேரில் சொன்னால் காதிலேயே ஏறாதது, சிரித்துக்கொண்டிருக்கும்போதாவது உள்ளே இறங்காதா? அதற்காகத்தான் இன்றைய பகுதியில் அந்த விபத்தை வைத்திருந்தாள்.

திரையில், ஆபீஸ் ஏணியில் ஒரு படி உடைந்து தொங்கியது. "அடுத்த மாசம் பார்க்கலாம்யா," என்றார் மேனேஜர். ஏணியில் ஏறிய குமாஸ்தா தடாலென்று விழுந்தான். ஒடிந்த கையோடு கிடந்தவனிடம், "கண்ணை எங்கய்யா வச்சிருந்தே?" என்றார் மேனேஜர். டிவிக்குள் சிரிப்புச் சத்தம் அலையாக எழுந்தது.

அப்பா சிரிக்கவில்லை.

மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவள் ஓர் ஓரமாக உட்கார்ந்து, தலையைக்கூட நிமிர்த்தாமல் துணி மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் அவளையே பார்த்தார். டிவியை அணைத்துவிட்டு எழுந்தார்.

"கொஞ்சம் இப்படி வாம்மா," என்று மகளைப் பால்கனிக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"யாரை வச்சு எழுதினேன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு."

"அப்பா..."

"அப்படியே உரிச்சு வச்சிருக்கேம்மா. அந்தப் பேச்சு, எதுக்கெடுத்தாலும் அடுத்தவங்க மேல பழி போடற அந்தப் புத்தி. நான்தான் இத்தனை நாள் கண்ணிருந்தும் குருடனா இருந்திருக்கேன்." அப்பாவின் குரல் உடைந்தது. "இதையெல்லாம் மனசுலயே வச்சுப் புழுங்கிக்கிட்டா இருந்தே?"

"நேர்ல சொல்ல தைரியம் வரலப்பா. அதான் எழுதினேன்."

"நல்லாத்தான் செஞ்சே. அந்த விபத்துல உன் தம்பி மேல ஒரு தப்பும் கிடையாது. பாவம், குழந்தை. அவனைப் போய்க் குத்தம் சொல்லிட்டோமே!"

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை காலம் ஏங்கியிருப்பாள்! மகள் அப்பாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மினாள். அப்பாவும் அழுதார். உள்ளே அம்மா பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"உள்ள வாங்கப்பா. இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே அம்மாகிட்ட சொல்லுங்க, அது போதும். அம்மா எங்கயும் போக மாட்டா. தம்பியும் வந்துடுவான்." மகள் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

அப்பா பதறிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டார். ஹால் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, இதுவரை அவள் கேட்டே இராத கனிவோடு குரலைத் தாழ்த்தினார்.

"ஐயையோ, மூச்சு விட்டுடாதே! உங்கம்மா தாங்க மாட்டாம்மா, அவளை வச்சுத்தான் நீ எழுதியிருக்கேன்னு தெரிஞ்சா!"